மாப்பிள்ளைக்குப் புதுத் தண்ணீர்

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று என் மனைவி கேட்டபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். எங்களுக்குப் பிள்ளைகளே கிடையாது, மாப்பிள்ளை எங்கிருந்து குதிப்பார்? அவள் கூடத்துச் சுவர் ஓரமாக இருந்த செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என் மீன் தொட்டி இருந்தது.

மாப்பிள்ளை என்பது அந்தத் தொட்டியில் வளர்ந்த தங்கமீன். பெயர் வைத்தவள் அவள். எவ்வளவு போட்டாலும் போதாது என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மற்றதுகளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வரும். கொஞ்சம் தாமதமானால் மூலையில் போய் முதுகைக் காட்டி முறுக்கிக்கொள்ளும். "பொண்ணு பெத்துக்காமயே நமக்கு ஒரு மாப்பிள்ளை வாய்ச்சிருக்கார் பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன்.

அவளுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுப்பை அணைக்க மறந்தாள். குளியலறைக்கு வழி மறந்தாள். சில நாள் காலையில் என்னை "சார்" என்று கூப்பிட்டு, "உங்களை வீட்ல தேட மாட்டாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை மட்டும் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அலாரம் வைத்த மாதிரி, அதே கேள்வி. "சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு" என்று ஒரு வாரம் ஒப்பேற்றினேன். எட்டாம் நாள் அவள் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் கொழுந்தியாள் ஃபோன் செய்தாள். "அத்தான், உங்களால தனியா முடியாது. போன மாசம் அக்கா ரோட்டுல போய் நின்னா. நீங்க அவளைத் தூக்கப் போயி ரெண்டு பேரும் பாத்ரூம்ல விழுந்தீங்க. அடுத்த மாசக் கடைசியில வந்து நான் கூட்டிட்டுப் போறேன். இங்க நாங்க நாலு பேர் இருக்கோம், மாத்தி மாத்திப் பாத்துக்குவோம். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பேன். ஆனால் என் முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. சரி என்றேன். ஃபோனை வைத்ததும் நாள்காட்டியைப் பார்த்தேன். ஐந்து வாரம் இருந்தது. பரண் மேலிருந்து தொட்டியை இறக்கினேன்.

பாசத்தில் இறக்கினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு தப்பு செய்திருந்தேன், அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நான் நகராட்சியின் குடிநீர் நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் இந்த ஊர் குடித்த தண்ணீரில் குளோரின் கலந்தவன். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கலங்கி வருகிறதோ அவ்வளவுக்கு வால்வைத் திருப்புவது என் வேலையாக இருந்தது. குளோரின் மீனுக்கு ஆகாது. அதனால் வீட்டில் எப்போதும் இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன். திறந்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் குளோரின் பறந்துவிடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு மாற்றுவேன். ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிவேன். அழுக்கு மாதிரி தெரியும் அந்தப் பழுப்பில்தான் மீனைக் காப்பாற்றும் கிருமிகள் குடியிருக்கின்றன. இதையெல்லாம் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்பாள். "உனக்குப் புரியாது, விடு" என்பேன். பெரிய விஞ்ஞானி!

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மழை விடாமல் கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் வந்தது. மாற்று ஆள் வரவில்லை, மூன்று நாள் நிலையத்திலேயே கிடந்தேன். வால்வை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திறந்து வைத்தேன். நாலாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தால் அவள் வாசலிலேயே நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. தொட்டியைக் கழுவியிருந்தாள். கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, ஸ்பாஞ்சை வெள்ளை வெளேர் என்று ஆக்கி, கண்ணாடியைப் பளபளக்க வைத்திருந்தாள். வாளியில் இருந்தது பழைய தண்ணீர் என்று கீழே ஊற்றிவிட்டுக் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பியிருந்தாள். களைத்து வருபவன் கண் குளிரப் பார்க்கட்டும் என்று செய்த வேலை. பதினோரு மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. அதுகள் தூங்குகின்றன என்று அவள் நினைத்திருந்தாள்.

"உன் கை பட்டா எந்த உயிரும் தங்காதுடி" என்றேன்.

எங்களுக்கு மூன்று முறை தங்கவில்லை. மூன்றாவது பிறந்து இரண்டு நாள் இருந்தது. அவள் ஈரக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் போன பிறகு என் பையிலிருந்த சோதனைக் குப்பியை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அது மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சு நிறத்துக்குப் போனது. என் கையால் கலந்த குளோரின். குப்பியை வாஷ் பேசினில் கவிழ்த்துவிட்டு, தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் ஒன்பது வருடம் இருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் துணிந்தபோது, அவளுக்கு அது நடந்ததே நினைவில் இல்லை. "எந்த மீன்?" என்று கேட்டாள்.

தொட்டியின் ஓரப் பசை காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டி எடுத்துப் புதிதாக சிலிக்கான் பசை வைத்தேன். அது காயும்வரை வீடெல்லாம் வினிகர் வாசனை. பிறகு பால்கனியில் பழைய செய்தித்தாள் மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிகிறதா என்று பார்த்தேன். தாள் நனையவில்லை. சின்னப் பையனைப் போல விசிலடித்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இது, இவ்வளவு சந்தோஷமா இருக்கார்?" என்று தொட்டியிடம் கேட்டாள்.

மீன் கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "என்ன சார், ஒம்பது வருஷமா ஆளையே காணோம்? மறுபடியும் பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"பிடிச்சிருச்சு. மீன் இப்ப வேணாம். தண்ணி பழகட்டும்."

"எல்லாரும் மொதல்ல மீனை வாங்கிட்டு அப்புறம்தான் தொட்டி வாங்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் வெறும் தண்ணிய நாலு வாரம் வேடிக்கை பாப்பீங்க" என்று சிரித்தார். ஏதோ ஒரு நீல பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதை வெச்சுக்குங்க. நாலு சொட்டு விட்டா குளோரின் உடனே போயிடும்."

"முப்பத்தொரு வருஷம் குளோரினோட குடும்பம் நடத்தினவன்கிட்டயே குளோரின் மருந்து விக்கிறீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருடைய தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை மட்டும் ஒரு பையில் கட்டி வாங்கிக்கொண்டேன். அதில் இருக்கும் கிருமிகள் என் தொட்டியில் சீக்கிரம் பெருகும். பஸ்ஸில் அந்தச் சாக்கடைத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பக்கத்து ஸீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு தினமும் ஐந்து மணிக்கு நாங்கள் இரண்டு நாற்காலி போட்டு கூடத்தில் பழைய இடத்திலேயே வைத்த மீன் இல்லாத தொட்டியின் முன்னால் உட்கார்ந்தோம். இருபது வருடம் சொல்லாததையெல்லாம் சொன்னேன். வாளித் தண்ணீர் ஏன், ஸ்பாஞ்சின் அழுக்கு ஏன், அவசரம் ஏன் கூடாது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "அப்படியா!" என்றாள். "இதை ஏங்க முன்னாடியே சொல்லல?" என்றாள். மறுநாள் முதலிலிருந்து சொன்னேன், மறுநாளும் அதே அப்படியா. எனக்குப் பொறுமை என்று ஒன்று இருப்பதை அறுபத்தொரு வயதில்தான் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் குளோரின் கதையையும் சொன்னேன். ஒருவன் தன் வேலையில் ஊர் குடிக்கும் தண்ணீரில் மீனுக்கு விஷமான மருந்தைக் கலந்தான், அது தெரியாமல் அவன் மனைவி அதே தண்ணீரை மீனுக்கு ஊற்றினாள், அவன் அவளைத் திட்டினான் என்றேன். அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஊருக்குத் தண்ணி வேணும்ல? அவர் என்ன பண்ணுவார், பாவம்."

"அவ?"

"அவளுக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

அவள் மடியில் தலை வைத்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. ஃபில்டரைச் சரிசெய்வது போல எழுந்து போனேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

நாலாம் வாரம் மீன் வந்தது. நாலு சின்ன மீன், ஒரு தங்கமீன். தங்கமீனைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. "மாப்பிள்ளை இப்படி இளைச்சுட்டாரே! ஒழுங்கா கவனிக்கலையா நீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டாள். நான் தீவன டப்பாவை அவளிடம் நீட்டினேன். அவ்வளவுதான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடல" என்றாள். "நீங்களே போடுங்க. நான் தொட மாட்டேன்."

"தொடும்மா. ஒண்ணும் ஆகாது."

"வேணாங்க. ஏதாவது ஆயிடும்."

எதனால் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதை அவள் மறந்துவிட்டாள், அவள் கைகள் மறக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்டதும் கொழுந்தியாளுக்கு ஃபோன் போட்டு, அக்கா இப்படிச் செய்கிறாள் என்றேன். அவள் சொன்னாள்:

"இப்பத்தான் கவனிச்சீங்களா அத்தான்? ஒம்பது வருஷமா அப்படித்தான். எங்க வீட்டுச் செடிக்குக்கூடத் தண்ணி ஊத்த மாட்டா. என் பொண்ணுக்கு மூத்தது பொறந்தப்ப நீட்டினேன், கையைக் கட்டிட்டு நின்னா. இப்ப சின்னது பொறந்து நாலு மாசம் ஆகுது, அதையும் வாங்கல. 'என் கை வேணாம்டி'ன்னா. நான் கேட்டதுக்கு நீங்க சொன்னதைச் சொன்னா. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

குழந்தைகள் மேல் அவளுக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வீட்டில், எத்தனை பேர் குழந்தையை நீட்டியபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள்! நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு நாள் மிச்சம் இருந்தது. கெஞ்சினேன். டப்பாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மறைந்து நின்று பார்த்தேன். ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோகப் பார்த்தேன். சூடு பட்டவள் போல இழுத்துக்கொண்டு, "சார், விடுங்க சார்" என்று அழுதாள். அதற்கப்புறம் நான் முயற்சி செய்யவில்லை. இந்தப் பாவத்தோடுதான் அவளை அனுப்பப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள். மூன்று நாளாக மழை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தலையைச் சாய்த்தேன். வாசல் கதவைப் பூட்டியிருந்தேன், கேஸை மூடியிருந்தேன். தொட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள்தான் தொட மாட்டாளே.

குழாய் ஓடும் சத்தத்தில் விழித்தேன். எழுந்து உட்காரும்போதே குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. எத்தனை அறை தாண்டினாலும் அந்த வாசனை எனக்குத் தெரியும். நிலையத்தில் யாரோ ஒருவன், நான் திருப்பியிருக்கக்கூடிய அளவுக்கே, வால்வைத் திருப்பியிருக்கிறான்.

கூடம் முழுவதும் ஈரம். இரண்டு வாளியும் கவிழ்ந்து கிடந்தன. ஸ்பாஞ்சு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது, வெள்ளை வெளேர் என்று. தொட்டி கண்ணைப் பறித்தது. அதற்கு முன்னால் என் மனைவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

"முழிச்சிட்டீங்களா?" என்றாள். இன்று நான் சார் இல்லை. "களைச்சுப் போய் வந்து படுத்திருந்தீங்க. எழுப்ப மனசு வரல. வாளியில பழைய தண்ணி வெச்சிருந்தீங்க, ஊத்திட்டேன். நல்லா இருக்கா?"

மீன்கள் ஐந்தும் மேலே வந்துவிட்டன. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த நீல பாட்டில் கடைக்காரரிடம் இருந்தது, என் திமிரால். ஆனால் சமையலறையில் காய்ச்சி ஆறிய தண்ணீர் அரைப் பானை இருந்தது. காய்ச்சிய தண்ணீரில் குளோரின் இருக்காது. மாப்பிள்ளையை மட்டும் அதில் போட்டால் பிழைத்துவிடும். பத்தே எட்டு. ஆனால் அவள் கைகளுக்கு நடுவிலிருந்து அதை நான் வாரிக்கொண்டு ஓட வேண்டும். என் முகத்தை அவள் பார்ப்பாள். முகம் படிப்பதை மட்டும் அவள் இன்னும் மறக்கவில்லை.

"பாருங்க பாருங்க," என்றாள், "எல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது. பசிக்குது போல."

என் கால் சமையலறைப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டது. நிறுத்தினேன்.

"ஆமாம்மா, பசிதான்" என்றேன். "ரொம்ப நல்லா கழுவியிருக்க. இவ்வளவு சுத்தமா நான் ஒருநாளும் கழுவினதில்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. உன் கை பட்டதாலதான்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டப்பாவை எடுத்து நீட்டினேன். அவள் ஈர உள்ளங்கையை விரித்தாள். அதில் கொட்டினேன். ஒவ்வொரு மணியாக எடுத்து, மாப்பிள்ளையின் வாய்க்கு நேராகப் போட்டாள். "சாப்பிடுங்க மாப்பிள்ளை, கோவம் எதுக்கு?" என்றாள். அது விழுங்கவில்லை. மணி வாயில் பட்டுப் பட்டு விலகி மிதந்தது. பக்கவாட்டில் சாய ஆரம்பித்ததும் அவளை மெதுவாகத் திருப்பி, "வயிறு நிறைஞ்சிடுச்சு, தூங்கப் போறார். வா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிப்போனேன். டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் குடித்தேன். குளிருகிறதா என்று கேட்டாள்.

விடிந்ததும், அவள் எழுவதற்கு முன்னால், ஐந்தையும் எடுத்துக் கீழே மரத்தடியில் புதைத்தேன். அவற்றிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. கொழுந்தியாள் மேலே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். வாசலில் என் மனைவி நின்றாள். "மாப்பிள்ளையைப் பட்டினி போட்டுடாதீங்க. தொட்டியை நான் கழுவி வெச்சிருக்கேன். நீங்க கையை விட்டு அழுக்காக்கிடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

காருக்குள் கொழுந்தியாளின் மகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்ததும் குழந்தை சிணுங்கியது. என் மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "இங்க குடு, பசிக்குது போல" என்றாள். அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். குழந்தையைக் கொடுத்தார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் நிமிரவே இல்லை. எனக்குக் கையசைக்கவும் அவளுக்குக் கை காலியாக இல்லை.

மேலே வந்து தரையைத் துடைத்தேன். வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு நாற்காலியையும் போட்டு ஒன்றில் உட்கார்ந்தேன். ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்ட்டாச்சு" என்று சொன்னேன்.